ஈயச் சிப்பாயும் தொடாக்காஞ்சியும்

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பெரியவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு ஒரு சிறுபத்திரிகையில் என்னய்யா கட்டுரை என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும். எவனை எண்ணுவது, எவனை எண்ணாமல் விடுவது, கதையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தீர்மானிக்கப்படுகிற மேசை எதுவானாலும் அது வரலாறு எழுதுகிற மேசைதான். ஆவணக் காப்பகத்தின் மேசையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இந்த மேசையையும் கொஞ்சம் பார்ப்போம்.

இதன் பூர்வோத்தரம் ராணுவத்தில் இருக்கிறது. 1812இல் ரெய்ஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்கு ஒரு போர் விளையாட்டு மேசை செய்து கொடுத்தார். அவர் மகன் ராணுவ அதிகாரி; 1824இல் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். பிரஷ்ய அதிகாரிகளுக்கு அது பயிற்சியானது. 1893இல் லண்டனில் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்க ஆரம்பித்ததும் பொம்மை மலிவாகி வீடுகளுக்குள் வந்தது. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் இதற்கென்றே 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். நிஜப் போருக்குப் பதிலாக இந்தச் சின்னப் போர் போதாதா என்பது அவருடைய ஆதங்கம். அடுத்த வருஷமே நிஜப் போர் வந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது இந்த ஆட்டத்தின் ஒரு வகையைப் பற்றி: ஸ்கர்மிஷ், அதாவது சிறுமோதல். பெரும்போர் ஆட்டத்தில் ஒரு பொம்மை இருபது முப்பது பேருக்குப் பதிலாக நிற்கும். சிறுமோதலில் ஒரு பொம்மைக்கு ஒரு ஆள். இதை ஒரு ஜனநாயக வாக்குறுதி என்றே வாசிக்கலாம். தளபதிகளின் சரித்திரத்தில் காணாமல் போன சாதாரணச் சிப்பாய், இங்கே தனக்கென்று ஒரு உடலோடு நிற்கிறான். அந்த வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

இந்த வகையில் திரும்பத் திரும்ப ஆடப்படுகிற மோதல்களில் ஒன்று ரோர்க்ஸ் ட்ரிஃப்ட். 1879 ஜனவரி 22. நண்பகலை ஒட்டி இசண்டில்வானாவில் ஜூலு படை ஒரு பிரிட்டிஷ் முகாமையே அழித்தது. 1,300க்கு மேல் செத்தார்கள். அதே நாள் பிற்பகல், அந்தச் சண்டையில் பின்னணியில் நின்ற ஜூலு அணிகள் பஃபலோ ஆற்றைக் கடந்து நாட்டால் பக்கமிருந்த ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் காவல்நிலையைத் தாக்கின. ஆற்றைக் கடக்க வேண்டாம் என்பது மன்னர் செட்ஷ்வாயோவின் உத்தரவு. அவருடைய சகோதரர் டபுலமன்சி அதை மீறினார். உள்ளே இருந்தவர்கள், ஆஸ்பத்திரி நோயாளிகளையும் சேர்த்து, சுமார் 150 பேர். வெளியே மூவாயிரத்திலிருந்து நாலாயிரம். சோளமூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கிச் சுவர் எழுப்பி இரவு முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள். 11 பேருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. 1964இல் 'ஜூலு' என்று சினிமாவும் வந்தது.

நண்பர் ஒருவர் இந்தப் படையைக் கட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகள், பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும். வெட்டி, ஒட்டி, கறுப்பு அடிப்பூச்சு கொடுத்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் வண்ணம் தீட்டுவார். 24ஆம் படைப்பிரிவு என்றால் சிவப்புச் சட்டை, பச்சைக் காலர். வெள்ளைத் தொப்பி எதிரிக்குப் பளிச்சென்று தெரியும் என்று சிப்பாய்கள் அதைத் தேயிலைச் சாயத்தில் முக்கிவைத்தார்கள். ஆகவே பொம்மைத் தொப்பிக்கும் தேயிலை நிறம். சார்ட், ப்ராம்ஹெட் என்ற இரண்டு லெப்டினன்ட்களுக்கும் தனித்தனி முகம். இவ்வளவு கவனத்தை நான் கேலி செய்ய மாட்டேன். தேயிலைச் சாயம் வரை போகிறவன், மனசு வைத்தால் இன்னும் தூரமும் போகமுடியும்.

ஜூலு பக்கத்துக்கு வருவோம். உதுல்வானா போன்ற அணிகளில் இருந்தவர்கள் நாற்பதைத் தாண்டிய, மணமான ஆண்கள். தலையில் வளையம், கையில் வெளிர்நிறக் கேடயம். நண்பருக்கு இதுவும் தெரியும், தீட்டியும் இருந்தார். ஆனால் நாலாயிரம் பொம்மைக்கு யார் போவது? எண்பதோ நூறோ செய்வார்கள். அப்புறம் ஆட்டத்தில் ஒரு வழக்கம்: சுட்டு வீழ்த்தப்பட்ட ஜூலுவை எடுத்து மேசை ஓரத்தில் வைத்து, அடுத்த அலையில் மறுபடி இறக்குவது. செத்தவனே இன்னொருவனாக வருகிறான். சிவப்புச் சட்டைக்காரன் செத்தால் செத்ததுதான், பெட்டிக்குள் போய்விடுகிறான். ஒரு பொம்மைக்கு ஒரு ஆள் என்ற விதி சுவருக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும். வெளியே இருப்பவன் ஆள் இல்லை, அலை. பொம்மை வாங்கக் காசில்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனால் பழைய பிரிட்டிஷ் விவரிப்புகளில் 'கும்பல்', 'வெள்ளம்' என்று எழுதியவர்களுக்குப் பொம்மைச் செலவு எதுவும் இருக்கவில்லையே. அந்தச் சொல்லாடல்தான் இங்கே ஆட்டவிதியாக உறைந்திருக்கிறது.

இன்னொரு கூட்டமும் உண்டு: நாட்டால் சுதேசிப் படை. ஆங்கிலேயருக்காகச் சண்டையிட்ட ஆப்பிரிக்கர்கள். அடையாளத்துக்குத் தலையில் ஒரு சிவப்புத் துணி. சுமார் பத்துப் பேருக்கு ஒரு துப்பாக்கி, மற்றவர்களுக்குச் சொந்த ஈட்டி. ரோர்க்ஸ் ட்ரிஃப்டிலும் ஒரு கம்பெனி இருந்தது. தாக்குதலுக்குச் சற்று முன் தங்கள் வெள்ளை அதிகாரிகளோடு ஓடிப்போனது. பெரும்பாலான ஆட்டங்களில் இவர்கள் மேசைக்கே வருவதில்லை. வந்தால் மன உறுதியில் அடிமட்ட மதிப்பெண். ஒன்பது பேர் கையில் துப்பாக்கி கொடுக்காத முடிவு எங்கே பதிவாகிறது? எங்குமில்லை. அது ஓடியவனின் சுபாவமாக மாறிவிடுகிறது. இசண்டில்வானாவில் ஓடாமல் செத்த சுதேசிகள் நூற்றுக்கணக்கில் என்பதற்கும் இந்த மதிப்பெண்ணில் இடமில்லை.

ஆட்டம் எப்போது முடிகிறது? சுவர் நின்றால் சிவப்புச் சட்டை வெற்றி, பொம்மைகள் பெட்டிக்கு. சினிமாவிலோ ஜூலுக்கள் குன்றின்மேல் நின்று எதிரிக்கு மரியாதைப் பாட்டுப் பாடிவிட்டுப் போகிறார்கள். நடந்தது அதுவல்ல. 23ஆம் தேதி காலை செம்ஸ்ஃபோர்டின் படை வந்து சேர்ந்தது. உள்ளே செத்தவர்கள், பிறகு இறந்தவர்களையும் சேர்த்து, 17. சுவரைச் சுற்றி எண்ணப்பட்ட ஜூலு பிணங்கள் சுமார் 350. காயம்பட்டுப் புல்லிலும் சோளக்காட்டிலும் கிடந்த ஜூலுக்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். கொன்றவர்களில் வெள்ளையரும் உண்டு, அதே சுதேசிப் படையினரும் உண்டு. இசண்டில்வானாவில் உயிர் தப்பிய ஸ்மித்-டோரியன், தோல்வார் பதப்படுத்தத் தான் நட்டிருந்த மரச்சட்டத்தில் இரண்டு ஜூலுக்கள் தொங்கியதைப் பார்த்ததாக 1925இல் வெளிவந்த நினைவுக்குறிப்புகளில் எழுதினார். இந்தக் காலைக்கு ஆட்டத்தில் ஒரு சுற்றுகூடக் கிடையாது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே புறத்திணையியல் ஞாபகம் வராமல் போகாது. அதுவும் போருக்கான ஒரு விதிப்புத்தகம்தான். படைக்குப் பூ, பூவுக்குத் திணை. ஆனால் தொல்காப்பியம் வாகையோடு நிறுத்துவதில்லை. வாகைக்கு அடுத்து காஞ்சி. புண்பட்டுக் கிடக்கிற கணவனைப் பேய் தொடாதபடி மனைவி காவல் இருக்கிறாள். அதற்குத் தொடாக்காஞ்சி என்று துறையே இருக்கிறது. பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. படையின் பின்னால் மூட்டை சுமந்தவனுக்கு அந்த இலக்கணத்திலும் துறை கிடையாது. வெற்றிக்குப் பிறகும் களத்தில் ஆள் கிடக்கிறான் என்பதை ஒரு இலக்கணம் விதியாக்க முடியும் என்பதற்கே சொன்னேன்.

நமக்கு இதில் நேரடிச் சம்பந்தமும் இருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது, ஒப்பந்தக் கூலிகளோடு. நிலமும் மாடும் இருந்த ஆப்பிரிக்கர்கள் தோட்டக்காரன் சொன்ன கூலிக்குக் கரும்பு வெட்ட வராததால்தான் நம் ஆட்கள் ஏற்றிப்போகப்பட்டார்கள். 1879இல் அதே நாட்டாலின் கடற்கரைத் தோட்டங்களில் தமிழர்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூலு நாடு 1887இல் பிரிட்டிஷ் பகுதியாக்கப்பட்டு, 1897இல் நாட்டாலோடு சேர்க்கப்பட்டது. சோளமூட்டைச் சுவருக்குப் பின்னால் காப்பாற்றப்பட்டது எது என்று கேட்டால், இந்தக் கரும்புக்காட்டையும் சேர்த்துத்தான் பதில் சொல்லவேண்டும்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப ஆடவே கூடாதுங்கறீங்களா?" என்றார். அப்படி இல்லை. சிவப்புத் துணி கட்டிய பத்துப் பேரைச் செய்யுங்கள், ஒருவன் கையில் மட்டும் துப்பாக்கி வையுங்கள், மதிப்பெண்ணை அப்புறம் போடுங்கள். விழுந்த ஜூலுவை எடுக்காமல் விழுந்த இடத்திலேயே கிடத்துங்கள். பொம்மை தீர்ந்துபோனால் தீர்ந்துபோகட்டும். 23ஆம் தேதி காலைக்கு ஒரு சுற்று வையுங்கள் என்றேன். அந்தச் சுற்றில் யார் பகடை போடுவது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. போன மாசம் போனபோது சிவப்புத் துணிக்காரர்கள் பத்துப் பேர், அடிப்பூச்சோடு, ஜன்னல் ஓரம் காய்ந்துகொண்டிருந்தார்கள்.