கரிக்கிற தண்ணீரில் இளவறுவல்

பெங்களூரில் இன்று ஒரு காபி பாக்கெட் வாங்கினால், ‘லைட் ரோஸ்ட், ஆரஞ்சு, பெர்ரி வாசம்’ என்று அச்சடித்திருப்பார்கள். அந்த பாக்கெட்டோடு ரயிலேறி, ஜோலார்பேட்டை தாண்டி வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ இறங்கி, போர் தண்ணீரில் டிகாக்‌ஷன் போட்டுக் குடித்துப் பாருங்கள். ஆரஞ்சும் இருக்காது, பெர்ரியும் இருக்காது. சப்பென்று, ஓரத்தில் லேசாகக் கரிக்கிற ஒரு பழுப்புத் தண்ணீர். கடைக்காரர் ஏமாத்திட்டார்னு நினைக்க வேண்டாம். கொட்டை சரியாகத்தான் இருக்கிறது.

பச்சைக் காபிக்கொட்டைக்குக் காபி வாசமே கிடையாது. அதன் எடையில் சுமார் 6 முதல் 10 சதவீதம் குளோரோஜெனிக் அமிலங்கள். வறுக்கும்போது சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கொட்டை சோளப்பொரி மாதிரி பட்டென்று வெடிக்கும். அதையொட்டி நிறுத்தினால் இளவறுவல்: பழப்புளிப்பும், விளைந்த மலையின் குணமும் நாக்குக்குத் தெரியும். இன்னும் விட்டால் 225 டிகிரியை ஒட்டி இரண்டாவது வெடிப்பு. எண்ணெய் மேலே கசியும், அமிலங்கள் பெரும்பாலும் சிதைந்துவிடும், சர்க்கரை கருகும். அதற்கு மேல் எந்த மலைக் கொட்டையும் ஏறக்குறைய ஒரே கசப்புதான். கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்பது நம்ம ஊர் நம்பிக்கை; காஃபீன் அளவு வறுவலால் பெரிதாக மாறுவதில்லை.

இந்த அமிலத்துக்கும் தோலுக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் அதை டானின் வகையில் சேர்த்து ‘காஃபிடானிக் அமிலம்’ என்று அழைத்தார்கள். தோலைப் பதமாக்கும் நிஜமான டானின் அது இல்லை என்பது பிறகுதான் தெளிந்தது. நிஜமான டானினை ஆவாரம்பட்டையிலிருந்து எடுத்து, பாலாற்றுத் தண்ணீரில் தோலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்குப் பாதை போட்டார்கள். மைசூர் மலைகளுக்கும் சென்னைக்கும் நடுவே ஓடிய அந்த இரும்புப் பாதை, தோல் ஊர்களின் வாசல் வழியாகத்தான் போனது.

ஆனால் நாம் வறுவலைப் பேசிப் பழகவே இல்லை. காபிப்பொடிக் கடையில் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள்: பீபெரியா, பிளாண்டேஷனா? சிக்கரி எவ்வளவு? வறுவல் எந்த அளவு என்று யாரும் கேட்பதில்லை. காரணம் பால். பாலின் புரதம் கசப்பையும் துவர்ப்பையும் பிடித்துக் கட்டிவிடும். மெல்லிய பழப்புளிப்பு பாலுக்குள் காணாமல் போகும், இல்லையென்றால் பால் திரிந்த மாதிரி தோன்றும். டம்ளர் நிறைய பாலைத் தாண்டி வந்து நிற்க கறுத்த வறுவல் வேண்டும், சிக்கரியின் கெட்டித்தனமும் வேண்டும். சிக்கரி காபியே இல்லை, ஒரு செடியின் வேர். நெப்போலியனின் வணிகத் தடைக்காலத்தில் ஐரோப்பியர்கள் காபி கிடைக்காமல் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நம்மிடம் பஞ்சத்துக்கு வந்த பொருள் மாதிரி இல்லாமல் ருசியாகவே தங்கிவிட்டது. கலவைப் பொடியில் 51 சதவீதமாவது காபி இருக்கணும்னு சட்டம் சொல்லவேண்டிய அளவுக்கு.

காலனியக் காலத்துத் தமிழ் நடுத்தர வர்க்கம் காபியைத் தன் அடையாளமாக ஆக்கிக்கொண்ட கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் சொல்லியிருக்கிறார். குமாஸ்தாவுக்குக் காபி, கூலிக்கு டீ என்ற அந்தப் பிரிவினையில் டேனரித் தொழிலாளி எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று விளக்கத் தேவையில்லை.

இப்போது தண்ணீர். டேனரிக்கு வரும் பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டே வரும். முதல் வேலையே ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. கழுவிய நீர் எங்கே போனது? பாலாற்றுக்கும் வயலுக்கும் போனது. 1970களில் அரைப்பதத் தோலைவிட முழுசாக முடித்த தோலை ஏற்றுமதி செய்ய அரசு ஊக்கம் கொடுத்தது. பட்டையின் இடத்தில் குரோமியம் பெருகியது, கழிவும் பெருகியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஒரு கிணற்றுக்குக்கூட அது விலையாகாது என்பது என் எண்ணம்.

காபி 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கடினநீரில் பைகார்பனேட் அதிகம். அது புளிப்பை அடித்துப்போடும். இளவறுவலின் உயிரே அந்தப் புளிப்பு. மேலே உப்பும் ஏறினால் சொல்லவே வேண்டாம். கறுத்த வறுவலும் சிக்கரியும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபி மட்டும் அந்தத் தண்ணீரை ஓரளவு சமாளிக்கும். இளவறுவலை இங்கே ரசிக்கணும்னா முதலில் கேன் தண்ணீருக்குக் காசு வேண்டும்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இப்போது குடிதண்ணீர் மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வருகிறது, காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில். பாலாறு பக்கத்திலேயே கிடக்கிறது. காவிரி பிறப்பது குடகில். காபி விளைகிற மலையும் அதுவேதான்.