அப்பாவின் இருமல்

வெலிமடைப் பக்கம் போய் உமா ஓயா கண்ணில் பட்டதும் எனக்கு ஓர் அண்ணனின் நினைவு வந்துவிடும். உறவுமுறையில் அண்ணன். தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, ஆசிரியரானவர். நாற்பது வயதைத் தாண்டியதும் அவரது இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. தங்கை ஒன்றைத் தானமாகக் கொடுத்தார். சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. எட்டாம் மாதத்தில் மாலை நேரக் காய்ச்சல் தொடங்கியது, உடல் மெலிந்தது. இருமல் அதிகம் இல்லாததால், அது கசநோய் என்று கண்டறியவே ஏழு வாரங்கள் சென்றன.

2006 ஆம் ஆண்டு நான் பார்க்கப் போனபோது அவர் சொன்னார்: "அப்பாவோட இருமல் முப்பத்தஞ்சு வருஷங்கழிச்சு எனக்கு வந்திருக்கு தம்பி."

விரக்தியில் சொன்ன வார்த்தை என்றே அன்று எண்ணினேன். அது மருத்துவ உண்மை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

1882 இல் ரொபர்ட் கொக் கண்டுபிடித்த கசநோய்க் கிருமி, உடலில் புகுந்தவுடன் எல்லோரையும் நோயாளியாக்குவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் கிருமி தொற்றியிருக்கிறது என்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் நோய்வாய்ப்படுவர்.

இக்கிருமிக்கு லயத்தைவிட வசதியான இடம் வேறேது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்குள் அடுப்பு, புகை, மூன்று தலைமுறை. ஊவாவின் குளிருக்குக் கதவும் சன்னலும் அடைத்தே கிடக்கும். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென 1872 இலேயே கட்டளைச் சட்டம் வந்தது. காம்பராவின் அளவை அது மாற்றவில்லை.

மறுபுறம், 1954 இல் பொஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரர்களுக்கிடையே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. ஒரே உருவ இரட்டையர் அல்லாதவர்களுக்கோ, புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் தேவைப்பட்டன. இந்தியாவில் 1971 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், இலங்கையில் 1985 இலும் இச்சிகிச்சை கைகூடியது. ஆனால் புதிய சிறுநீரகத்தை எதிர்க்கும் அதே காவலன்தான் பழைய கிருமியையும் அடக்கி வைத்திருப்பவன். அவனை உறங்க வைத்தால் கிருமி விழித்துக்கொள்கிறது. வேலூரில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரில் பத்தில் ஒருவருக்கு மேல் கசநோய் கண்டது. ஐசோனியசிட் குளிசையை முன்கூட்டியே கொடுத்துத் தடுக்க முடியுமா என்று அங்குள்ள வைத்தியர்கள் சோதித்து, 1994 இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர்.

தடுப்பதில் இத்தனை அக்கறை ஏன்? கசநோய்க்கான முதன்மை மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின், சிறுநீரகத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரின், டக்ரோலிமஸ் ஆகியவற்றை ஈரல் வெகுவேகமாகச் சிதைத்து வெளியேற்றச் செய்கிறது. அளவைக் கூட்டி இரத்தத்தில் அடிக்கடி பரிசோதிக்காவிடில் புதிய உறுப்பு நிராகரிக்கப்படும். அண்ணனுக்கு அதுவே நேர்ந்தது. கசநோய் குணமாயிற்று, தங்கை தந்த சிறுநீரகம் போயிற்று.

இன்று சத்திரசிகிச்சைக்கு முன்னரே தோல் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே மூலம் உறங்கும் கிருமியைத் தேடுகிறார்கள். இருந்தால் ஆறு அல்லது ஒன்பது மாதங்கள் ஐசோனியசிட்டை, பி6 விற்றமினுடன், ஈரலைக் கண்காணித்தவாறு கொடுக்கிறார்கள். பி.சி.ஜி. உயிருள்ள தடுப்பூசியாதலால் சிகிச்சைக்குப் பின் அது ஆகாது. ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவரின் தளர்ந்த உடல், தோல் பரிசோதனைக்குப் பல வேளைகளில் பதிலளிப்பதேயில்லை. கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். அப்போது எஞ்சுவது ஒரு கேள்விதான்: "சிறு வயதில் உங்கள் வீட்டில் யாராவது இருமினார்களா?"

அண்ணனிடம் அதை எவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, கசநோயை ஒளித்து வைப்பது எங்கள் லயங்களின் பழக்கம். பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டைப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பல குடும்பங்களைச் சாய்த்துவருகிறது. மேட்டு நிலமோ தாழ்நிலமோ, மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் வீட்டுக் கதையை வைத்தியரிடம் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

அப்பாவின் இருமலைச் சொல்வதில் வெட்கம் எதுவுமில்லை.