நல்லூர்த் திருவிழா: பொருளும் மரபும்

ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாளிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கொடி ஏறுகின்றது. அன்று தொட்டு ஆவணி அமாவாசைத் தீர்த்தம் ஈறாக 25 நாட்களும் யாழ்ப்பாணக் குடாநாடு விழாக்கோலம் பூணும். வீடுகளிற் புலாலுணவு விலக்கப்படும். வீதிகளிலே தண்ணீர்ப் பந்தல்கள் எழும். ஆடவர் மணலில் உருண்டு அங்கப்பிரதட்சிணஞ் செய்வர். பெண்டிர் அடியழித்துச் செல்வர். இவற்றைச் சிறுவரும் அறிவர். ஆயின் இவ்விழாவின் பொருள் யாது, அது எவ்வாறு இன்றுவரை வந்தது என்பன ஆராய்தற்குரியன.

சைவ நூலோர் மகோற்சவத்தை இறைவனின் ஐந்தொழிலோடு பொருத்திக் காட்டுவர். கொடியேற்றம் படைத்தலைக் குறிக்கும். தேர் அழித்தலைக் குறிக்கும். தீர்த்தம் அருளலைக் குறிக்கும். தேரில் அழிக்கப்படுவன ஆணவம் முதலிய மலங்கள் என்பது அவர் கருத்து. இத்தத்துவத்தை அறியாதாருக்கும் விளங்கும் பொருள் மற்றொன்றும் உண்டு. மூலத்தானத்திலுள்ள வேல் இடம்பெயர்வதில்லை. எழுந்தருளி மூர்த்தமோ வீதிக்கு வருகின்றது. முதியோர், நோயுற்றோர், உள்ளே செல்ல இயலாதோர் ஆகிய அனைவரையும் நாடி இறைவன் தானே வெளிவருதலே திருவிழா.

இக்கோயிலின் தோற்றம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கோயிலிற் கூறப்படும் கட்டியத்திலே புவனேகபாகு என்னும் பெயர் போற்றப்படுகின்றது. அவன் யாழ்ப்பாண அரசனின் மந்திரி என்பர் ஒரு சாரார். கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகனாய், 15 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே யாழ்ப்பாணத்தை வென்று ஆண்டு, பின்னர் ஆறாம் புவனேகபாகு என முடிசூடிய சப்புமல் குமாரனே அவன் என்பர் மற்றொரு சாரார். பின்னையோர் கூற்றுப் பொருந்துமாயின், தெற்கிலிருந்து படையெடுத்து வந்த ஒருவனின் பெயரே இன்றும் முருகன் சந்நிதியில் ஒலிக்கின்றதெனல் வேண்டும்.

1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621 ஆம் ஆண்டிலே தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினான். பழைய கோயில் முத்திரைச் சந்தைப் பக்கத்தில் இருந்ததெனக் கூறுவர். 1658 ஆம் ஆண்டில் ஆட்சி ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஏறத்தாழ 1734 ஆம் ஆண்டளவில் இரகுநாத மாப்பாண முதலியார் காலத்தில், குருக்கள் வளவு எனப்பட்ட நிலத்திலே இன்றைய கோயில் உருப்பெற்றது. இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. இடம் மாறிற்று, கட்டடம் மாறிற்று, காப்போரும் மாறினர். கந்தன் பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) இக்கோயில் நடைமுறைகள் ஆகமவிதிக்கு அமையவில்லை எனக் கண்டித்தெழுதினார். கோயிலைக் கருங்கல்லாற் கட்டுவிக்கவும் முயன்றார். நிருவாகத்தாருக்கும் அவருக்கும் நேர்ந்த பிணக்குப் பெரிதாயிற்று. வழக்கமென்று கூறப்படுவன யாவும் வினாவுக்கு அப்பாற்பட்டன அல்ல என்பதை அவ்வாதம் உணர்த்திற்று.

எனினும் வினாக்களுட் பெரியதொன்று நெடுங்காலம் எழாதிருந்தது. குடாநாட்டின் பெருங்கோயில்கள் பலவற்றில், தாழ்த்தப்பட்ட மக்கள் வெளியே நின்று கும்பிடவே இடம்பெற்றனர். இறைவன் வீதிக்கு வந்தான். அவர்களோ உள்ளே செல்லலாகாது என்றனர். இதுவும் மரபென்றே கூறப்பட்டது. 1956 ஆம் ஆண்டில் நல்லூரின் கதவுகள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. மறு ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருக்க, 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் திருவிழாக் காலத்தில், உட்செல்ல வேண்டியோர் வாயிலிற் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த செ. சுந்தரலிங்கம் அவர்களை எதிர்த்தோருக்குத் தலைமை தாங்கினார். கல்வியிற் சிறந்தோரும் இக்குறையினின்று நீங்கினாரல்லர் என்பது கற்றோர் சிந்தித்தற்குரியது.

காலம் அவ்வழக்கை வேறோர் இடத்திற்குக் கொண்டு சென்றது. 1990 ஆம் ஆண்டிலே போர் காரணமாக வலிகாம வடபகுதி மக்கள் தம் ஊர்களை விட்டு அகன்றனர். மாவிட்டபுரக் கோயிலும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. உட்செல்லல் ஆகாது என்றோரும், உட்செல்ல வேண்டி நின்றோரும், ஒருங்கே அக்கோயிலுக்கு வெளியே நின்றனர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே நல்லூர் உள்ளிட்ட வலிகாமம் முழுவதிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அப்பெருந்திரளில் யார் முன்னே செல்வது, யார் பின்னே நிற்பது என்று கேட்பாரில்லை.

இவ்வரலாற்றை ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மரபென்பது மாறாத ஒன்றன்று. நல்லூரிலே இடமும் கட்டடமும் நடைமுறையும் மாறியுள்ளன. மாறாதது, இறைவன் மக்களை நாடி வெளிவருதல் ஒன்றே. ஆகவே அதற்கு இசைவன எவையோ அவை காக்கத்தக்கன. அதற்கு மாறாவன, எத்துணைப் பழமையுடையனவாயினும், கைவிடத்தக்கன.

24 ஆம் நாட் காலையில் ஆறுமுகசுவாமி தேரேறும்போது, வடம் பிடிப்போர் ஆயிரவர். தேர் பெரிது; சிலரால் அது அசையாது. செங்குந்த மரபினர் அளித்த கொடிச்சீலை மேலே பறக்க, பல ஊரவரும் பல குலத்தவரும் தோளோடு தோள் நின்று இழுத்தால்தான் அது வீதிவலம் வந்து இருப்பிடம் சேரும். ஆணவம் அழிதலைத் தேர் குறிக்கும் என்று நூலோர் உரைத்ததன் பொருளை ஆங்கே கண்கூடாகக் காணலாம்.