பெட்டிக்கு வகையா, சரக்குக்கு வகையா? பிஎச்பி மாறிகளின் கதை

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் மேல் 22ஜி1 என்று எழுதியிருந்தால் அது 20 அடி சாதாரணப் பெட்டி. 45ஆர்1 என்றால் 40 அடி உயரக் குளிர்பதனப் பெட்டி. திறக்காமலே வகை தெரிந்துவிடும்.

கணினி மொழிகளில் வேரியபிள், அதாவது மாறி என்பதும் பெயர் எழுதிய ஒரு பெட்டிதான். 1970களில் பிறந்த சி மொழியில், உள்ளே வருவது எண்ணா எழுத்தா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிஎச்பியில் அப்படிச் சொல்லத் தேவையில்லை.

$ஊர் = "எண்ணூர்";
$ஊர் = 20;

இரண்டு வரியும் செல்லும். இங்கே வகை பெட்டிக்கு அல்ல, உள்ளே இருக்கும் சரக்குக்குத்தான். முழு எண், தசம எண், எழுத்துச்சரம், ஆம்/இல்லை, வரிசைப் பட்டியல் ஆகியவை முக்கியமான வகைகள்.

ஏன் இந்தத் தாராளம்? 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதிய சிறு நிரல்களே பிஎச்பியின் தொடக்கம். 1995 ஜூனில் அவற்றை எல்லோருக்கும் வெளியிட்டார். இணையப் படிவத்தில் வயது 20 என்று தட்டினால், சர்வருக்கு அது "20" என்ற எழுத்துச்சரமாகத்தான் வந்து சேரும். அதோடு 1 கூட்டினால் பிஎச்பி தானாகவே எண்ணாக மாற்றி 21 என்று சொல்லிவிடும். புதியவர்களுக்கு இது பெரிய வசதி. ஆண்டி கட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி இருவரும் திருத்தி எழுதிய பிஎச்பி 3, 1998இல் வந்தது. அதிலும் இந்தக் குணம் தொடர்ந்தது.

வசதியோடு வம்பும் வந்தது. சென்னையின் எஸ்டிடி எண்ணை $குறியீடு = 044 என்று எழுதி அச்சிட்டால் 36 வரும்! முன்னால் பூஜ்யம் இருந்தால் எட்டடிமான எண் என்று பிஎச்பி எடுத்துக்கொள்ளும். 4 எட்டும் 4ம் 36. மேற்கோள் போட்டு "044" என்று எழுதினால் தப்பிக்கலாம். ஆனால் == போட்டு ஒப்பிட்டால் "044", "44" இரண்டும் சமம் என்கும். வகையையும் சேர்த்துப் பார்க்கும் === குறி பிஎச்பி 4இல்தான் வந்தது.

கணக்கு எழுதுவோர் கவனிக்க: 0.1 + 0.2 == 0.3 என்று கேட்டால் பதில் 'இல்லை'. தசம எண்களைக் கணினி இரும எண்ணாகத் தோராயமாக வைப்பதே காரணம். ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் கணக்கிடுவது நல்லது.

தமிழுக்கும் சிக்கல் உண்டு. "எண்ணூர்" நமக்கு 4 எழுத்து. பிஎச்பியின் சாதாரண நீளம் அளக்கும் கட்டளை 21 என்று சொல்லும். அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. இதைச் சரிசெய்ய, யூனிகோடை அடிப்படையாகக் கொண்டு திட்டமிட்ட பிஎச்பி 6, 2010இல் கைவிடப்பட்டது. எழுத்தாக எண்ண இன்றும் தனிக் கட்டளைதான்.

வகைகள் மெல்லத் திரும்பி வந்தன. 2015இல் பிஎச்பி 7, ஒரு செயல்கூறு ஏற்க வேண்டியது எண்ணா எழுத்தா என்று அறிவிக்க வழி செய்தது. அப்போதும் 0 == "எண்ணூர்" என்று கேட்டால் 'ஆம்' என்றே பதில் வந்தது. 2020இல் வந்த பிஎச்பி 8தான் அதை 'இல்லை' ஆக்கியது.

25 வருடம் கழித்துப் பெட்டியின் மேல் மறுபடி குறியீடு ஏறியிருக்கிறது. ஆனால் எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதாமல் விட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு நிரல் எழுதுபவருடையது.