கதிரிலே விட்ட தானியமும் புகையிலே தொங்கும் பூண்டும்

மதரஸாச் சிறுவர்களுக்கு யூசுஃப் அத்தியாயத்தை நடத்துங்கால், ‘ஸுன்புல்’ என்னும் அரபுச் சொல்லுக்குக் ‘கதிர்’ என்று பொருள் கூறினேன். பிள்ளைகள் விழித்தனர். அரிசியை அறிந்த அவர்கள் கதிரைக் கண்டதில்லை. உண்பது போக எஞ்சிய தானியத்தைக் கதிரிலேயே விட்டுவையுங்கள் என்று நபி யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தியருக்குக் கூறிய யோசனையின் நுட்பம் அவர்களுக்கு எங்ஙனம் விளங்கும்? உமியன்றோ தானியத்தின் போர்வை!

இதே நுட்பத்தை நம் பழனிமலையிலும் காணலாம். கொடைக்கானல் வரலாற்றை அமெரிக்கப் பாதிரிமார் குடியேறிய 1845ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோர் பலர். பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களின் உழவர்களையோ அவர்கள் நினைப்பதில்லை. அவ்வுழவர்கள் மலைப்பூண்டைத் தாளோடு பிடுங்கி, உலர்த்தி, கற்றைகளாகக் கட்டிப் புகை படுமிடத்தில் தொங்கவிடுவர். மழையும் பனியும் மிகுந்த மலையில் ஈரம் ஏறினால் பூண்டு அழுகிவிடும். தோலும் தாளும் புகையும் அதனைக் காக்கின்றன. இப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

அங்ஙனம் தொங்குவது உணவு மட்டுமன்று. பூண்டின் பல்லே அடுத்த விளைச்சலுக்கு வித்து. ஆதலால் காயம்பட்டதை முதலில் சமைக்க வேண்டும். திரண்டதை வித்துக்கு ஒதுக்க வேண்டும். நடும் நாள்வரை அதனைப் பல்லாகப் பிரிக்கலாகாது. பிள்ளைகள் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

வித்தில் குறை நேர்ந்தால் விளைவு என்ன? விருப்பாட்சி மலைவாழையே சான்று. பழனிப் பஞ்சாமிர்தத்தில் சர்க்கரையும் தேனும் அதன் கனியைக் கெடாமல் காத்தன. ஆயினும் 1970களில் முடிக்கொத்து நோய் அவ்வாழைத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. அசுவுணிப் பூச்சியோடு, நோயுற்ற தாய்வாழையின் கன்றும் அந்நச்சுயிரைச் சுமந்து சென்றது. பின்னர் ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையால் நோயற்ற கன்றுகளை உருவாக்கியே அதனை மீட்க வேண்டியதாயிற்று.

12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியா நகரத்து இப்னுல் அவ்வாம், தம் வேளாண்மை நூலில் தானியத்தையும் கனிகளையும் சேமிக்கும் முறைகளுக்கும் இடமளித்தார். கற்றோர் ஏட்டில் எழுதிய அவ்வறிவை மலைத்தாய்மார் கைப்பழக்கமாகவே பிள்ளைகளுக்கு அளித்தனர். கைப்பழக்கம் ஒரு தலைமுறை நின்றால், மறு தலைமுறைக்கு அதைக் காட்டித்தர ஆள் இராது.

மறுநாள் வகுப்புக்கு ஒரு நெற்கதிரையும் ஒரு முழுப்பூண்டையும் கொண்டு சென்றேன். பிள்ளைகள் உமியை உரித்துப் பார்த்தனர். பூண்டுப் பல்லைத் தொட்டியில் நட்டனர். தாய்மார்களே, உங்கள் அடுக்களையிலும் இப்பாடத்தைத் தொடங்குங்கள்.