இரவில் விழித்தழும் பிள்ளை: ஒரே அறை வீட்டில் நாங்கள் கண்ட வழி

பட்டிப்பொலயில் இரவு சீக்கிரம் வந்துவிடும். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் ஏழு மணிக்குள் லயத்துக் கதவுகள் சாத்தப்பட்டுவிடும். ஆனால், எங்கள் வீட்டில் மட்டும் பல மாதங்களாக நள்ளிரவு வரை விளக்கு அணையவில்லை. ஒன்றரை வயதான என் மகள் படுக்க மறுத்தாள். படுத்தாலும் நான்கைந்து தடவை விழித்து அழுதாள்.

நான் பிறந்தது கிளிநொச்சியில். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. போர் முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து சில வருடங்களின் பின் திருமணமாகி மறுபடியும் மலைக்கே வந்தேன்.

“அழவிடு, தானாகத் தூங்கும்” என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. 2009இல் இரவோடு இரவாக நீரேரியைக் கடந்தபோது, அழுத தம்பியின் வாயை அம்மா பொத்திப் பிடித்திருந்தார். பிள்ளை அழுதால் எல்லோருக்கும் ஆபத்து என்று அன்று என் உடம்பு படித்தது இன்னும் மறக்கவில்லை. மகள் சிணுங்கினாலே பாய்ந்து தூக்கிவிடுவேன். அரைத் தூக்கத்தில் இருந்தவள் அதனாலேயே முழுதாக விழித்துக்கொள்வாள்.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னபோது, அவர் மருந்து எதுவும் தரவில்லை. “ஒரு கிழமைக்குப் பிள்ளை எப்போது தூங்குகிறாள், எழும்புகிறாள், என்ன குடிக்கிறாள் என்று எழுதிக்கொண்டு வாங்கோ” என்றார். அந்த ஒரு தாளில் பாதிக் காரணங்கள் தெரிந்துவிட்டன.

எவ்வளவு தூக்கம் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 1 முதல் 2 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 4 வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணி நேரமும் தேவை. பிள்ளைகள் இரவில் இடையிடையே லேசாக விழிப்பது இயல்பு. பெரியவர்களும் அப்படித்தான், புரண்டு படுத்து மறந்துவிடுகிறோம். மடியில் ஆட்டித் தூங்கவைத்த பிள்ளை, இடையில் விழிக்கும்போது அதே மடியைத் தேடும். கிடைக்காவிட்டால் அழும். தாயைப் பிரியும் பயமும் இந்த வயதில் அதிகம்.

நாங்கள் மாற்றியவை

முதலாவது, பகல் தூக்கம். நான் மரக்கறித் தோட்டத்து வேலைக்குப் போனதும் மாமிதான் மகளைப் பார்ப்பார். குளிருக்குக் கம்பளியில் சுற்றி ஐந்து மணி வரை தூங்கவிடுவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் படுக்கவைத்து, மூன்று மணிக்குள் எழுப்பத் தொடங்கினோம்.

இரண்டாவது, சாயத்தண்ணி. குளிருக்கு இதமென்று பின்னேரம் மகளுக்கும் அரைக் கோப்பை கொடுப்பது வழக்கம். தேயிலையிலுள்ள கஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தேயிலை குறைக்கும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவதில்லை. சாயத்தை அடியோடு நிறுத்தினோம்.

மூன்றாவது, கைத்தொலைபேசி. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொலைக்காட்சியையும் போனையும் நிறுத்தினோம்.

நான்காவது, ஒழுங்கு. சாப்பாடு, வெந்நீரில் கைகால் கழுவுதல், பல் துலக்குதல், ஒரு கதை, படுக்கை. தினமும் இதே வரிசை, ஏறக்குறைய ஒரே நேரம். இருபது, முப்பது நிமிடம் போதும்.

தனி அறை இல்லாத வீட்டில்

பிள்ளையைத் தனி அறையில் படுக்கவைக்கச் சொல்லும் ஆலோசனைகள் லயத்துக்குப் பொருந்தாது. நாங்கள் விளக்கைத் தணித்து, அறையின் ஒரு மூலையைச் சேலையால் மறைத்தோம். மகளைக் கண் மூடும் முன்பே பாயில் கிடத்தினேன். முதல் சில நாட்கள் முதுகில் கைவைத்து அருகில் படுத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு முழமாகத் தள்ளி உட்கார்ந்தேன்.

இரவில் அவள் சிணுங்கினால், உடனே தூக்காமல் சற்றுப் பொறுத்தேன். அழுகை கூடினால் போய், “அம்மா இருக்கிறேன், படு” என்று ஒரே வார்த்தையை மெதுவாகச் சொன்னேன். விளக்குப் போடவில்லை, விளையாட்டுக் காட்டவில்லை. இரண்டாவது கிழமையில் ஒரு நாள் பழையபடி நீண்ட நேரம் அழுதாள். அதற்காக வழியை மாற்றாமல் தொடர்ந்தோம். மூன்றாவது கிழமையில் இரவில் ஒரு தடவை மட்டும் விழித்தாள்.

பிள்ளை தூக்கத்திலேயே அலறி, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் காணாவிட்டால், அது பெரும்பாலும் இரவுத் திகில். தூங்கிய முதல் சில மணி நேரத்தில் வரும். உலுக்கி எழுப்ப வேண்டாம். அடிபடாமல் பார்த்துக்கொண்டால் தானாக அடங்கும். காலையில் பிள்ளைக்கு நினைவிருக்காது. கெட்ட கனவு விடியற்பக்கம் வரும். அப்போது பிள்ளை விழித்து உங்களைத் தேடும்; அணைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போவது?

குறட்டைவிட்டு இடையில் மூச்சு நின்று தொடர்ந்தால், இரவில் இருமல் அல்லது இழுப்பு இருந்தால், காதைப் பிடித்து அழுதால், காய்ச்சல் இருந்தால், நிறை கூடாமல் இருந்தால் தாமதிக்க வேண்டாம். இரவில் ஆசனவாயில் சொறிந்தால் பூச்சியாக இருக்கலாம், மருந்து உண்டு. அடுப்புப் புகையும் இருமலைக் கூட்டும். தூங்கவைப்பதற்காகத் தடிமன் பாணி கொடுக்கவே கூடாது. ஒரு வயது தாண்டி நன்றாக வளரும் பிள்ளைக்குப் பொதுவாக இரவில் போத்தல் பால் தேவையில்லை. சீனிப் பால் பல்லையும் கெடுக்கும். நிறை குறைந்த பிள்ளையென்றால் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

இந்தத் தாளை எழுதும்போது இன்னொன்றும் தெரிந்தது. மகள் தூங்கிய பிறகும் நான் தூங்கவில்லை. யாராவது வெடி கொளுத்தினால், கூரைத் தகரம் காற்றில் அடித்தால், எழுந்து கதவைப் பார்ப்பேன். என் நெஞ்சு படபடப்பதை அருகில் படுத்திருக்கும் பிள்ளை உணராமல் இருக்குமா? அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. அவர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே போவது வெட்கமல்ல. போக முடியாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

இப்போதும் விடியற்காலையில் கோச்சி ஊதினால் எனக்கு முழிப்பு வந்துவிடும். மகள் புரண்டு படுத்துத் தூங்குவாள். அவள் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நானும் கண்ணை மூடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.