இலவச இணைப்பாக வந்த கேப்டன்

மிக்ஸி வாங்கினால் ஹாட்பாக்ஸ் ஃப்ரீ என்று கொடுப்பார்களே, லூகாஸ் ராடெபே இங்கிலாந்துக்குப் போனது ஏறக்குறைய அந்த மாதிரிதான். 1994-ல் லீட்ஸ் யுனைடெட் குறி வைத்தது ஃபில் மசிங்கா என்ற ஃபார்வர்டை. புது ஊரில் அவருக்குத் துணையா இருக்கட்டுமே என்று இன்னொரு தென்னாப்பிரிக்கரையும் 2,50,000 பவுண்டுக்குச் சேர்த்து வாங்கினார்கள். மசிங்கா 1996-ல் கிளம்பிவிட்டார். துணைக்கு வந்தவர் 11 வருஷம் இருந்தார்!

கொஞ்சம் பின்னாடி போவோம். ராடெபே பிறந்தது 1969-ல், சொவேட்டோவில். நிறவெறி ஆட்சி, தெருவெல்லாம் கலவரம். பையன் இங்கே இருந்தால் பிழைக்க மாட்டான் என்று பெற்றோர் போபுதட்ஸ்வானாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பொழுது போக்க ஆரம்பித்ததுதான் கால்பந்து, அதுவும் கோல்கீப்பராக. 1989-ல் நாட்டின் பிரபல கிளப்பான கைசர் சீஃப்ஸ் கூட்டிக்கொண்டது.

1991-ல் கார் ஓட்டிப் போனவரை யாரோ பின்னாலிருந்து சுட்டார்கள். முதுகில் நுழைந்த குண்டு தொடை வழியே வெளியே வந்தது. முக்கிய உறுப்பு எதிலும் படவில்லை. சுட்டது யாரென்று கண்டுபிடிக்கவே இல்லை. வேறு கிளப்புக்குப் போகாமல் தடுக்கத்தான் சுட்டார்கள் என்பது அவர் சந்தேகம். அடுத்த வருஷமே, ஃபிஃபா தடை நீங்கி தென்னாப்பிரிக்கா ஆடிய முதல் மேட்ச்சில் கேமரூனுக்கு எதிரா இறங்கிவிட்டார். என்ன மனுஷனய்யா!

லீட்ஸில் முதல் ரெண்டு வருஷம் காயம், பெஞ்ச் என்றே போச்சு. எனக்கு ரொம்பப் பிடித்த மேட்ச் அப்போது ஆடியதுதான். 1996 ஏப்ரல், ஓல்ட் டிராஃபோர்டு. லீட்ஸ் கீப்பர் மார்க் பீனி சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மாற்று கீப்பர் கிடையாது. ராடெபே கிளவுஸை மாட்டிக்கொண்டார். மான்செஸ்டர் யுனைடெட்டோ சாம்பியன் பட்டத்தைத் துரத்திக்கொண்டிருக்கும் நேரம். பத்தே பேர், டிஃபெண்டர் ஒருத்தர் கீப்பர். அப்படியும் ராய் கீன் அடித்த ஒரே கோலில்தான் தோற்றார்கள்.

1998-ல் லீட்ஸ் கேப்டன். ரசிகர்கள் வைத்த பேர் 'சீஃப்'. உலகக் கோப்பையில் ரெண்டு முறை (1998, 2002) நாட்டுக்கும் கேப்டன். 2002-ல் ஸ்பெயினுக்கு எதிரா டிஃபெண்டரான இவரே கோல் அடித்து 2-2 ஆக்கினார், ஆனாலும் 3-2 தோல்வி. பாயிண்டிலும் கோல் வித்தியாசத்திலும் பராகுவே கூட சமம். ஒரே ஒரு கோல் கம்மியா அடித்ததால் வெளியே போனார்கள். கொடுமை சார்.

2001-ல் லீட்ஸுக்கு வந்த மண்டேலா, இவரைக் காட்டி 'என் ஹீரோ' என்றார். 27 வருஷம் ஜெயிலில் இருந்தவர் சொன்னது, வேறென்ன அவார்டு வேணும்?

காசில்லாமல் லீட்ஸ் திண்டாடி, 2004-ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியபோதும் இவர் போகவில்லை. 2005 மே மாதம் நடந்த வழியனுப்பு ஆட்டத்துக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. லீட்ஸ் பசங்க சிலர் ஆரம்பித்த ராக் பேண்டுக்கு அவரோட பழைய கிளப் பேரையே, ஒரே ஒரு எழுத்தை மாற்றி, கைசர் சீஃப்ஸ் என்று வைத்தார்கள். கூகுளில் தேடினால் இப்போ பேண்டும் கிளப்பும் மாறி மாறித்தான் வரும்.